எஸ்டேட் கிளப் சேரிட்டி கோல்ஃப்: எல்லாரும் கேக்குற கேள்விங்க, நேரான பதிலுங்க

நோட்டீஸ் ஒட்டுன நாள்ல இருந்து ஆளாளுக்கு ஒரே கேள்விய மாத்தி மாத்தி கேக்குறீங்க, ஒட்டுக்கடைல தே தாரே குடிக்க உக்காந்தா கூட விடமாட்டேங்குறீங்க. அதான் கமிட்டி சார்புல எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

மொதல்ல, இது என்ன விஷயம்?

சுங்கை சிப்புட் பக்கம் இருக்கிற நம்ம எஸ்டேட் கிளப்போட ஒம்போது ஹோல் கோர்ஸ்ல ஒரு ஞாயித்துக்கிழம காலைல கோல்ஃப் ஆடுறோம். அதுல மிஞ்சுற பணத்துல நம்ம ஊரு பிள்ளைங்களுக்கு, சுத்தி இருக்கிற தோட்டத்துப் பிள்ளைங்களுக்கு, சம்பளம் கடன் சேமிப்பு இதெல்லாம் எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லிக் குடுக்குற சனிக்கிழம வகுப்பு நடத்தப் போறோம். படிவம் 4ல இருந்து, எஸ்பிஎம் (படிவம் 5 பரீட்சை) முடிச்சு வேலைக்குப் போயி ஓரிரு வருஷம் ஆனவங்க வரைக்கும் வரலாம். பிள்ளைங்களுக்கு ஒரு காசு கட்டணம் கிடையாது.

ஏன் கோல்ஃப்? பேசாம ஒரு டின்னர் வச்சிருக்கலாமே?

டின்னர் வச்சா யாரு மேசை வாங்குவா சொல்லுங்க. கோயில் திருவிழாவுக்கு குடுத்த அதே ஆளு, தமிழ்ப்பள்ளி கூரைக்கு குடுத்த அதே ஆளு, போன மாசம் யாரோ ஆஸ்பத்திரில படுத்தப்ப குடுத்த அதே ஆளுதான். ஒரே பாக்கெட்ல எத்தன தடவ கைய விடுறது. கோல்ஃப்னா வெளியாளு வருவான். மில்லு இன்ஜினியரு, உரம் சப்ளை பண்றவரு, லாரி கான்ட்ராக்டரு, ஈப்போ டாக்டருங்க, கேஎல்ல செட்டிலாகி வருஷத்துக்கு ஒரு தடவ தீபாவளிக்கு மட்டும் ஊருக்கு வர்ற நம்ம பழைய பசங்க, இவங்கள எல்லாம் ஞாயித்துக்கிழம காலைல ஏழு மணிக்கு ஒரு இடத்துல சேக்கணும்னா இந்த வெளையாட்ட விட்டா வேற வழி இல்ல லா.

இன்னொரு காரணமும் இருக்கு. இந்த மாதிரி கோர்ஸெல்லாம் வெள்ளக்கார தொரைங்க வெளையாடப் போட்டது. நம்ம தாத்தாங்க அங்க புல்லு வெட்டுனாங்க, மாமாங்க பேக் தூக்குனாங்க. அப்புறம் எம். ராமையா, பி. குணசேகரன் மாதிரி நம்மாளுங்க ப்ரோவா ஆடி நாட்டுக்கே பேரு வாங்கிக் குடுத்தாங்க. அதனால "கோல்ஃப் நம்ம ஆட்டம் இல்ல"ன்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.

தோட்டத்து ஆளுங்களுக்கு காசு சேக்கத் தெரியாதுங்குற மாதிரி இல்ல இருக்கு இது?

இந்தக் கேள்விய ஒரு பெரியவரு கோவமா கேட்டாரு, கோவம் நியாயம்தான். தெரியாதுன்னு நாங்க சொல்லவே இல்ல. ஐம்பதுகள்ல எஸ்டேட்ட எல்லாம் துண்டு துண்டா வித்துக்கிட்டு இருந்தப்ப, வேலையும் போயி லயத்து வீடும் போயி நின்னவங்கள சேத்துக்கிட்டுத்தான் நம்ம சுங்கை சிப்புட் மண்ணுல பொறந்து அமைச்சரா இருந்த துன் சம்பந்தன் 1960ல தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்த ஆரம்பிச்சாரு. பால்மரம் சீவுன கை கொஞ்சங் கொஞ்சமா போட்ட காசுலதான் கெடாவுல புக்கிட் சீடிம் எஸ்டேட்டயே வாங்குனாங்க, அப்புறம் ஒண்ணொண்ணா மத்தது. பேங்க் வாசல மிதிக்காதவங்க எஸ்டேட் வாங்கியிருக்காங்கன்னா காசப் பத்தி அவங்களுக்கு நம்ம என்னத்த சொல்லிக் குடுக்குறது?

ஆனா அப்ப கடன் குடுக்கறவன் யாருன்னு எல்லாருக்கும் தெரியும், மளிகைக் கடை தௌக்கே, இல்ல பக்கத்து லயத்து வட்டிக்காரரு. இப்ப கடன் போன் உள்ளேயே உக்காந்திருக்கு. சப்பாத்து வாங்க நாலு தவணைன்னு ஒரு பட்டன் வருது, பதினெட்டு வயசுப் பையன் அமுக்கிடுறான், அவங்க அம்மாவுக்கு அது கடன்னே தெரியாது. பிள்ளைங்க கெட்டுப் போகல, எதிர்ல நிக்கிற ஆளு மாறிட்டான்.

வகுப்புல அப்படி என்னதான் சொல்லிக் குடுப்பீங்க? உண்டியல்ல காசு போடுன்னா?

உண்டியல் கதை வேணாம்னு மொத மீட்டிங்லயே முடிவு பண்ணிட்டோம். பதினேழு வயசுப் பையன உக்கார வச்சு பன்னிக்குட்டி உண்டியல் படத்த காட்டுனா அவன் போன எடுத்துருவான். எங்க மொத பாடம் பேஸ்லிப், அதான் சம்பளச் சீட்டு.

குறைந்தபட்ச சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்)னு வச்சுக்குங்க. கைக்கு வர்றது கிட்டத்தட்ட 1,500தான். மொத மாசம் பையன் வந்து "மா, மொதலாளி ஏமாத்திட்டான்"னு நிப்பான். ஏமாத்தல. கேடபிள்யூஎஸ்பிக்கு (தொழிலாளர் சேமநிதி) 11 விழுக்காடு, 187 வெள்ளி. சொக்சோவும் (வேலைல அடிபட்டா உதவுற காப்புறுதி) இஐஎஸ்ஸும் (வேலை போனா உதவுற காப்புறுதி) சேத்து பன்னெண்டு வெள்ளி கிட்ட. அதுக்கு மேல மொதலாளி தன் பங்குக்கு 13 விழுக்காடு, 221 வெள்ளி போட்டாகணும், அது உன் சம்பளத்துல இருந்து வெட்டுறது இல்ல, அவன் பாக்கெட்ல இருந்து. ஆக மாசம் 408 வெள்ளி உன் பேருல ஏறணும். 2024 மே மாசத்துல இருந்து அது மூணா பிரியுது, 75 விழுக்காடு பென்ஷனுக்குப் பூட்டி வைக்கிற கணக்கு, 15 விழுக்காடு வீடு படிப்பு வைத்தியத்துக்கு, 10 விழுக்காடு ஃபிளெக்சிபல், அதாவது எப்ப வேணா எடுக்கலாம். 408ல அந்தப் பத்து விழுக்காடுங்கறது 40 வெள்ளி 80 சென். அத அப்பப்ப எடுத்துத் தின்னா என்ன ஆகும், விட்டு வச்சா என்ன ஆகும்னு பிள்ளைங்களே கால்குலேட்டர்ல போட்டுப் பாக்கணும், நாங்க சொல்ல மாட்டோம்.

இதுல முக்கியமான வேலை ஒண்ணு இருக்கு. வகுப்புலயே கேடபிள்யூஎஸ்பி ஆப்ப திறந்து மொதலாளி உண்மையிலேயே பணம் கட்டுறாரான்னு பாக்க வைப்போம். பேஸ்லிப்ல வெட்டுவாங்க, கணக்குல ஏறியே இருக்காது, அப்படிப்பட்ட கேஸுங்க நம்ம ஊருலயும் உண்டு. யாருன்னு இங்க எழுத மாட்டேன்.

ரெண்டாவது பாடம் மோட்டோர், அதான் மோட்டார்சைக்கிள். நம்ம பசங்களுக்கு மொத சம்பளம்னா மொத மோட்டோர்தானே, அதுல தப்பு ஒண்ணும் இல்ல, வேலைக்குப் போக பஸ்ஸா ஓடுது இங்க? ஆனா கணக்கு தெரிஞ்சு வாங்கணும். 9,000 வெள்ளி கடன், நாலு வருஷம், "வட்டி பத்து பர்சென்ட்தான் தம்பி"ன்னு கடைல சொல்றாங்கன்னு வைங்க. அது ஃபிளாட் கணக்கா இருந்தா வருஷம் 900, நாலு வருஷத்துக்கு 3,600, மொத்தம் 12,600, மாசம் 262 வெள்ளி 50 சென். இதுல சூட்சுமம் என்னன்னா, நீ பாதிக் கடன அடைச்ச பெறகும் வட்டி அந்த முழு 9,000க்கே ஓடுது. கொறையற பாக்கிக்கு மட்டும் வட்டின்னு பாத்தா அந்த பத்து உண்மைல பதினேழரை கிட்ட வந்து நிக்குது. இத போர்டுல போட்டுக் காட்டும்போது ஏற்கனவே மோட்டோர் எடுத்தவன் மூஞ்சி சுருங்கும் பாருங்க, பாவமாவும் இருக்கும்.

கிரெடிட் கார்ட ஒரு மணி நேரத்துல முடிச்சிடுவோம். ஒழுங்கா கட்டுறவனுக்கு 15, இழுத்தடிக்கிறவனுக்கு 18 விழுக்காடு வரைக்கும் வட்டின்னு தெரிஞ்சா போதும். ஷேர் மார்க்கெட், கிரிப்டோ எல்லாம் சொல்லிக் குடுக்கல. கேட்டு நெறைய மெசேஜ் வந்துச்சு, வேணாம்னு தீர்மானம்.

ஏடிஎம் கார்டு வாடகைக்கு விடுற விஷயம் பேசுவீங்களா?

அதுக்குத்தான் ஒரு முழு சனிக்கிழமய ஒதுக்கியிருக்கோம். பெத்தவங்களும் கூட வந்து உக்காரலாம், வரணும். கத இப்படித்தான் ஓடும்: தெரிஞ்ச அண்ணன் ஒருத்தன் வருவான், "தம்பி, ஒனக்கு அக்கவுண்ட் சும்மாதானே கெடக்கு, கார்டும் பின் நம்பரும் குடு, மாசம் ஏதோ தர்றேன்"னுவான். பையன் குடுத்துருவான். ஆறு மாசம் கழிச்சு எங்கயோ ஒரு கெழவிய ஏமாத்துன பணம் இவன் கணக்கு வழியா போயிருக்கும், போலீஸ் தேடி வர்றது அந்த அண்ணன இல்ல, இவன. இத கெல்டாய் அக்கவுண்ட்னு சொல்றாங்க. 2024ல குற்றவியல் சட்டத்த திருத்தி இதுக்குன்னே தனிப் பிரிவு போட்டுட்டாங்க, "எனக்குத் தெரியாது"ன்னு தப்பிக்க முடியாது. பேங்க் கணக்கு முடங்கும், அப்புறம் சம்பளமே போட வழி இல்லாம நிப்பான்.

வகுப்புல என்ன செய்யச் சொல்லுவோம்னா, போலீசோட செமாக் மியூல் தளத்துல ஒரு அக்கவுண்ட் நம்பர தட்டி அது மோசடில மாட்டுனதான்னு பாக்குறது எப்படின்னு கையோட செய்ய வைப்போம். பணம் போயிட்டா ஒடனே மோசடிப் புகார் நம்பர் 997க்கு அடிக்கணும், நாளைக்குப் பாத்துக்கலாம்னு படுத்தா பணம் நாலு கணக்கு தாண்டிப் போயிரும்.

ஆலோங்கிட்ட (லைசென்ஸ் இல்லாத வட்டிக்காரன்) மாட்டுனவங்களுக்கு இந்தப் பணத்துல உதவுவீங்களா?

கடன அடைக்கப் பணம் தர மாட்டோம், இத இப்பவே சொல்லிடுறேன், அப்புறம் வந்து வாசல்ல நின்னு அழுதா எங்களுக்கும் கஷ்டம். வழி காட்டுவோம். பேங்க் கடன், கார்டு கடன் கழுத்த நெரிக்குதுன்னா ஏகேபிகேன்னு கடன் ஆலோசனை நிறுவனம் இருக்கு, பேங்க் நெகாரா 2006ல ஆரம்பிச்சது, ஆலோசனைக்கு காசே வாங்க மாட்டாங்க, பேங்கோட பேசி தவணைய மாத்தி அமைச்சுத் தருவாங்க. "ஏகேபிகேல முடிச்சுத் தர்றேன், 500 வெள்ளி குடு"ன்னு யாராவது வந்தா அவன் புரோக்கரு, வெரட்டி விடுங்க. ஆலோங் கடன் அவங்க வேலை இல்ல, அதுக்கு போலீஸ் ரிப்போர்ட்தான்.

லைசென்ஸ் உள்ள வட்டிக்கடைக்கும் ஆலோங்குக்கும் வித்தியாசம் தெரியாதவங்க நெறைய பேரு. சட்டப்படி லைசென்ஸ் உள்ளவங்க அடமானத்தோட குடுத்தா வருஷத்துக்கு 12, அடமானம் இல்லாம குடுத்தா 18 விழுக்காட்டுக்கு மேல வட்டி வாங்கக் கூடாது. வருஷத்துக்கு! மாசத்துக்குப் பத்துன்னு ஒருத்தன் பேசுனாலே அவன் யாருன்னு தெரிஞ்சிக்கிங்க.

எங்க ஆத்தா புடிக்கிற கூட்டு (எல்லாரும் பணம் போட்டு ஒவ்வொருத்தரா எடுக்குற சீட்டு)? அதுவும் தப்பா?

ஐயோ, இதுக்குத்தான் கமிட்டிக்குள்ளயே சண்ட. கூட்டு நடத்துறத தொழிலா செய்யறத தடுக்க 1971லயே சட்டம் வந்துருச்சு. லயத்துல பத்து பொம்பளைங்க ஒருத்தர ஒருத்தரு நம்பி போடுறத பாத்து நம்ம மூக்க நொழைக்கல, ஆனா முகம் தெரியாதவன் வாட்ஸாப்ல நடத்துற "கூட்டு"ல போட்டுட்டு பணம் போச்சுன்னு வந்தா ரசீதும் இருக்காது, கேக்க ஆளும் இருக்காது.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். எத்தன பேரு ஆடலாம், எப்படி நடக்கும்?

72 பேரு, அதுக்கு மேல ஒருத்தரு கூட முடியாது. ஷாட்கன் ஸ்டார்ட், அதாவது எல்லாரும் மொத டீல (ஹோல ஆட ஆரம்பிக்கிற எடம்) வரிசைல நிக்காம ஒவ்வொரு ஹோல்லயும் ஆளப் பிரிச்சு நிறுத்தி சைரன் ஊதுனதும் ஒரே நேரத்துல ஆரம்பிக்கிறது. நம்மகிட்ட ஒம்போது ஹோல், ஹோலுக்கு ரெண்டு ஃபிளைட் (சேந்து ஆடுற குழு), ஃபிளைட்டுக்கு நாலு பேரு, பெருக்கிப் பாருங்க. ரெண்டு சுத்து சுத்துனா பதினெட்டு. காலைல ஏழரைக்கு சைரன், ஏழுக்கே வந்து ரெஜிஸ்டர் பண்ணிட்டு பசியாறிடுங்க.

ஃபார்மட் டெக்சஸ் ஸ்கிராம்பிள். நாலு பேரும் அடிப்பீங்க, எது நல்ல பந்தோ அந்த இடத்துல இருந்து மறுபடி நாலு பேரும் அடிப்பீங்க, ஹோல்ல விழுற வரைக்கும் அப்படியே. பார் த்ரீ ஹோல்ல (மூணு அடில முடிக்கிற சின்ன ஹோல்) ஜாம் ஆகும், ரெண்டு ஃபிளைட் காத்துக்கிட்டுத்தான் நிக்கும், கோவப்படாதீங்க, அங்கதான் எளநி வைக்கிறோம்.

எனக்கு ஹேண்டிகேப்பே (ஆட்டத் தரத்த காட்டுற எண்) இல்ல, பழகுற ரேஞ்ச்ல ரெண்டு தடவ அடிச்சதோட சரி. வரலாமா?

வாங்க. ஸ்கிராம்பிள் வச்சதே உங்கள மாதிரி ஆளுங்களுக்குத்தான், உங்க பந்து செம்பனைக்குள்ள போனாலும் கூட ஆடுறவரு பந்து நடுவுல கெடக்கும். தனியா பேரு குடுத்தா நல்லா ஆடுற ஒருத்தரோட கோத்து விடுவோம். ஒண்ணு மட்டும், பந்து தேடுறேன்னு செம்பனைக் காட்டுக்குள்ள ரொம்ப தூரம் போகாதீங்க, பாம்பு இருக்கும். காஞ்ச மட்டைய அடுக்கி வச்சிருக்கிற வரிசைல கைய விடவே விடாதீங்க, பந்து என்ன அஞ்சு வெள்ளி, போனா போகட்டும்.

காலர் வச்ச டீஷர்ட், நல்ல கால்சட்டை. ஜீன்ஸ், சிலிப்பர் கிளப்ல விட மாட்டாங்க. கோல்ஃப் சப்பாத்து இல்லேன்னா சாதாரண ஸ்போர்ட்ஸ் சப்பாத்து போதும்னு பேசி வாங்கிட்டோம். கிளப் செட் இல்லாதவங்க முன்கூட்டியே சொல்லுங்க, ரெண்டு பேரு சேந்து ஒரு பேக்க பாத்துக்கலாம்.

கட்டணம் எவ்ளோ, அதுல எவ்ளோ பிள்ளைங்களுக்குப் போகுது?

ஆளுக்கு 250 வெள்ளி. 72 பேரு வந்தா 18,000. இதுல கோர்ஸ் வாடகை, பகி (கோர்ஸ்ல ஓட்டுற சின்ன வண்டி), சாப்பாடு, டீஷர்ட், கோப்பை எல்லாம் சேத்து ஆளுக்கு 130 வெள்ளி கிட்ட போயிரும்னு கணக்கு போட்டிருக்கோம், அதாவது 9,360. மிஞ்சுறது 8,640. "பாதிக்கு மேல ஆடுறவங்க மேலயே செலவாகுதே, இதுக்கு எதுக்கு சேரிட்டின்னு பேரு"ன்னு ஒருத்தரு கேட்டாரு. சரியான கேள்வி. நெறைய சேரிட்டி கோல்ஃப்ல நடக்குறது இதுதான், ஆடுற ஃபீஸ்ல பெரும்பங்கு ஆட்டத்துக்கே போயிரும், கிட்டத்தட்ட முழுசா மிஞ்சுறது ஸ்பான்சர் பணம்தான். ஒரு ஹோலுக்கு 500 வெள்ளி குடுத்தா உங்க கடை பேரு போட்ட போர்டு அங்க நிக்கும், ஒம்போதும் வித்தா 4,500, அதுல போர்டு அடிக்கிற செலவு மட்டும்தான். ஆடத் தெரியாது ஆனா உதவணும்னு நெனக்கிறவங்க டிக்கெட் வாங்காதீங்க, அதே பணத்த நேரா குடுங்க, முழுசா வகுப்புக்குப் போகும். மல்லிகன் (சொதப்புன அடிய கணக்குல சேக்காம மறுபடி அடிக்கிற சான்ஸ்) வேணும்னா ஒண்ணு 20 வெள்ளி, ஆளுக்கு ரெண்டுக்கு மேல கெடையாது, இல்லேன்னா சில பேரு காசக் குடுத்தே கோப்பைய தூக்கிருவாங்க.

வரவு செலவு கணக்கு, ரசீதோட, கிளப் நோட்டீஸ் போர்டுலயும் கோயில் வாசல்லயும் ஒட்டுவோம். காசு பத்தி பாடம் எடுக்கிறவன் கணக்கு காட்டலேன்னா பிள்ளைங்க சிரிப்பாங்க.

வருமான வரில கழிச்சுக்கலாமா?

முடியாது. வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவுல எல்எச்டிஎன் (வருமான வரி வாரியம்) அங்கீகாரம் வாங்குன அமைப்புக்குக் குடுத்தாத்தான் கழிவு, நம்மகிட்ட அது இல்ல. சாதாரண ரசீதுதான் தருவோம். கம்பெனி பேருல போர்டு வைக்கிறவங்க அத விளம்பரச் செலவா காட்டலாமான்னு உங்க கணக்காளர கேட்டுக்குங்க.

நான் இன்சூரன்ஸ் ஏஜென்ட். ஹோல் ஸ்பான்சர் பண்றேன், வகுப்புல அரை மணி நேரம் பேச விடுவீங்களா?

ஹோல் ஸ்பான்சர் பண்ணுங்க, கை கூப்பி வாங்கிக்கிறோம். வகுப்புல பேச விட மாட்டோம். ஏஜென்ட், பேங்க், யூனிட் டிரஸ்ட், நேரடி விற்பனை, யாரா இருந்தாலும் இதுதான். நீங்க நல்லவரா இருக்கலாம்ணே, ஆனா பிள்ளைங்க பேரும் போன் நம்பரும் இருக்கிற லிஸ்ட் ஒரு தடவ வெளிய போச்சுன்னா திரும்ப வராது. இதனால ரெண்டு ஸ்பான்சர் கைய விட்டுப் போச்சு, பரவால்ல.

ஹோல் இன் ஒன் (ஒரே அடில பந்து ஹோல்ல விழுறது) அடிச்சா காடி, அதான் கார், குடுக்கிறீங்களாமே?

யாரு கெளப்பி விட்டா இத? காடி இல்ல, ஒரு மோட்டோர், அதுக்கும் இன்சூரன்ஸ் எடுத்திருக்கோம், யாராவது அடிச்சா கமிட்டி காசு போகாது. இன்சூரன்ஸ்காரன் தூரத்தையும் சாட்சியையும் கேப்பான், அதனால அந்த ஹோல்ல நாள் முழுக்க ரெண்டு பேரு குடைய புடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க, அவங்களுக்கு ஒரு தண்ணி பாட்டில் குடுத்துட்டுப் போங்க.

மழை வந்தா?

மழைக்கு ஆடுவோம். இடிக்கு ஆட மாட்டோம். நீளமா ஒரு சைரன் அடிச்சா பாதி ஷாட்ல இருந்தாலும் அப்படியே விட்டுட்டு பகில ஏறி கிளப் ஹவுஸுக்கு வந்துருங்க, மரத்தடில ஒதுங்குறது, "இந்த ஒரு அடி மட்டும்"ங்குறது எதுவும் வேணாம். நம்ம பக்கம் மின்னல் எப்படி எறங்கும்னு உங்களுக்கே தெரியும். மறுபடி ஆரம்பிக்க முடியலேன்னா அதுவரைக்கும் எல்லாரும் முடிச்ச ஹோல வச்சு பரிசு குடுத்துருவோம்.

சாப்பாடு? தண்ணி?

காலைல நாசி லெமாக், இட்லி. மத்தியானம் சோறு, ஆட்டுக்கறி பெரட்டல், சைவம் தனியா, சைவத்துக்கு தனிக் கரண்டி. நீங்க கேக்குற அந்த தண்ணி கெடையாது, பிள்ளைங்க ஒத்தாசைக்கு நிக்கிறாங்க. பந்தயம் கட்டுறதும் வேணாம்.

பொம்பளைங்க ஆடலாமா?

இது ஒரு கேள்வியா? ஏற்கனவே மூணு ஃபிளைட் அவங்கதான்.

பிள்ளைங்கள கேடியா (கோல்ஃப் பேக் தூக்குறவங்க) வேல வாங்குறீங்கன்னு பேசிக்கிறாங்களே?

பேக் யாரும் தூக்கல. ஸ்கோர் கூட்டுறது, தண்ணி குடுக்குறது, ரெஜிஸ்ட்ரேஷன் மேசை, இதுக்கு பதினெட்டுக்கு மேல உள்ளவங்கள எடுத்திருக்கோம், நாள் கூலி உண்டு. அந்தக் கூலிய பணமா கைல குடுக்காம அவங்க பேங்க் கணக்குலயே போடுறோம். அந்தக் காசு வந்துச்சா வரலையான்னு அடுத்த சனிக்கிழம வகுப்புல அவங்களே ஸ்டேட்மென்ட்ட எடுத்துக் காட்டணும். பேக் தூக்கணும்னு ஆசப்பட்டா கிளப்போட பழைய கேடி மாமாங்க இருக்காங்க, அவங்களுக்கு கேடி ஃபீஸ் தனி, டிப்ஸ் தாராளமா குடுங்க, பந்து எப்படி உருளும்னு கோடு படிக்கிறதுல அவங்கள மிஞ்ச ஆளு இல்ல.

பேரு குடுத்துட்டு வர முடியலேன்னா காசு திருப்பித் தருவீங்களா?

ஒரு வாரத்துக்கு முன்னாடி சொன்னா முழுசா. அதுக்கப்புறம் சொன்னா உங்க எடத்துக்கு வேற ஆள நீங்களே புடிச்சுக் குடுங்க, இல்லேன்னா அது நன்கொடையா ஏறிடும், ரசீது வாட்ஸாப்ல வரும். பணம் கமிட்டி பேருல இருக்கிற கணக்குக்கு மட்டும் போடுங்க, யாரோட சொந்த அக்கவுண்டுக்கும் போடாதீங்க, என் அக்கவுண்ட் நம்பர குடுத்து யாராவது கேட்டா கூட.